கேள்வியைக் கொண்டுவந்தது யார்?

சர்வே படிவங்களை மொழிபெயர்ப்பது என் வீட்டில் அடுப்பெரிய உதவும் வேலைகளில் ஒன்று. நாவலை மொழிபெயர்த்தால் பெயர் வரும். கட்டுரை எழுதினால் வாசகர் கடிதம் வரும். படிவத்தை மொழிபெயர்த்தால்தான் பணம் வரும். தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு இது கொஞ்சம் வறண்ட வேலைதான். ‘கடந்த 30 நாட்களில் எத்தனை முறை’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ஓசை நயம் தேட முடியாது. ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஆரம்பித்து ‘அறவே ஒப்புக்கொள்ளவில்லை’ என்று முடியும் ஐந்து கட்டங்களில் நடுக் கட்டம் என்னை எப்போதும் படுத்தும். ‘ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை’ என்று தமிழில் யாராவது பேசுவார்களா? உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இப்போது என் மேஜையில் இருப்பது ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான படிவம். நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், வார்டு ஆயாக்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். இரவு ஷிப்டில் உட்கார ஓர் அறை இருக்கிறதா? நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் யாரிடம் சொல்வீர்கள்? நோயாளியின் உறவினர்கள் கை நீட்டியதுண்டா? மேலதிகாரிகள் திட்டியதுண்டா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஊசி விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்காமாலை பி வைரசும் எச்.ஐ.வி.யும் அந்த வழியில் வரலாம். குத்தியவுடன் சொன்னால் மருந்து கொடுத்துத் தடுக்க வழி உண்டு. ‘எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் குத்துவதில்லை’ என்று படிவங்கள் சொன்னால், பயன்படுத்திய ஊசியைப் போடும் கெட்டியான டப்பா வாங்கும் செலவுதான் முதலில் வெட்டப்படும்.

படிவத்தின் ஓரத்தில் அனுப்பியவர்களின் குறிப்பு ஒன்று இருந்தது. மொழிபெயர்ப்பு முடிந்ததும் இது ஊழியர்களின் செல்போனுக்கு லிங்க்காகப் போகும். ஆகவே வாக்கியங்கள் சின்னத் திரையில் அடங்குவதாக இருக்கட்டும் என்று.

அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். நான் இருப்பது மாரிகுப்பம் என்பதும், அண்ணி ஒரு நர்ஸ் என்பதும்தான் காரணம்.

மாரிகுப்பத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்காரப்பேட்டையில் பிரிந்து கோலார் தங்கவயலுக்குள் நுழையும் கிளை ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் இது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், பிறகு நாங்கள். அதற்குப் பிறகு தண்டவாளம் இல்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தோடு பெரிய ஆஸ்பத்திரியும் மூடப்பட்டு, 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது தொண்டர்கள் தூசு தட்டித் திறக்கும்வரை வெறும் கட்டடமாகவே நின்றது. தங்கம் போன பிறகு இந்த ஊரிலிருந்து தினமும் வெளியே போகும் சரக்கு மனிதர்கள்தான். இருட்டு பிரியாத நேரத்தில் பெங்களூர் ரயிலில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பி வருகிறவர்கள். கட்டட வேலைக்காரர்கள், செக்யூரிட்டிகள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். அதில் ஆஸ்பத்திரி ஊழியர்களும் உண்டு.

அண்ணி அப்படிப் போய்வருகிறவர். பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நர்ஸ். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்தார். “நீயே பாரு. இதுல உன் லிங்க்கை எங்க தேடுவேன்?”

பார்த்தேன். வார்டு குரூப், நர்சுகள் குரூப், ஆஸ்பத்திரி அறிவிப்பு குரூப், ரயில் எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லும் குரூப். ரோஜாப்பூவோடு காலை வணக்கம், நாளைய டியூட்டி லிஸ்ட், யாரோ தொலைத்த டிபன் டப்பா, கடன் தருகிறோம் என்று ஒரு லிங்க், கரண்ட் பில் கட்டவில்லை என்று ஒரு லிங்க். இந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு சர்வே லிங்க்கும் இருந்தது. அண்ணி அதைத் திறந்ததே இல்லை.

“எது நல்லது, எது திருட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ட லிங்க்கைத் தொடாதீங்க, பேங்க்ல இருக்கற பணம் போயிடும்னு போலீஸே சொல்றாங்க.”

“சரி அண்ணி, பேப்பர்ல வந்தா?”

“யாரு கொடுப்பாங்க?”

“ஆஸ்பத்திரி மூலமா வரும்னு வையுங்க.”

“சூப்ரண்ட் மேடம் கொடுத்தா அன்னைக்கே எல்லாரும் எழுதிக் கொடுத்துடுவோம்.”

“என்ன எழுதுவீங்க?”

“எல்லாம் நல்லா இருக்குன்னுதான். வேற என்ன எழுதறது?”

ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே முடித்துவிட்டார். லிங்க்கில் வந்தால் பதில் இல்லை. மேலதிகாரியின் கையில் வந்தால் பதில் உண்டு, உண்மை இல்லை. கேள்வி ஒன்றுதான், பதில் சொல்கிறவரும் ஒருத்தர்தான். கொண்டுவந்தது யார் என்பது மட்டுமே மாறியது.

மருத்துவத் துறையினரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது கஷ்டம் என்பது புதிய விஷயம் அல்ல. ஆனால் கேட்கும் விதமாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1951 அக்டோபர் 31 அன்று ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களின் கேள்வித்தாள் பிரிட்டனில் இருந்த சுமார் 59,600 டாக்டர்களுக்குத் தபாலில் போனது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதை அனுப்பிவைக்க உதவியது. புகை பிடிக்கிறீர்களா, எந்த வயதில் ஆரம்பித்தீர்கள், எவ்வளவு பிடிக்கிறீர்கள், விட்டுவிட்டீர்களா என்பவைதான் கேள்விகள். நிறையப் பேர் பதில் போட வேண்டும் என்பதற்காகவே சின்னதாக வைத்தோம் என்று அவர்களே எழுதினார்கள். 40,701 பேரிடமிருந்து உபயோகமான பதில் வந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். யார் எந்த நோயில் இறக்கிறார்கள் என்று குறித்தார்கள். சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்த முதல் அறிக்கை 1954-ல் வந்தது. ஆண் டாக்டர்கள் 34,439 பேரை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான அறிக்கை, விடாமல் புகைப்பவர்கள் சராசரியாகச் சுமார் பத்து வருஷ ஆயுளை இழக்கிறார்கள் என்றது. இன்று சிகரெட் பெட்டிமேல் இருக்கும் பயங்கரப் படத்துக்குப் பின்னால் பல ஆராய்ச்சிகள் உண்டு. ஆனால் அந்த ஒற்றைத்தாள் தபாலுக்கும் அதில் பங்கிருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. டாலும் ஹில்லும் பதில் போடாதவர்களையும் மறந்துவிடவில்லை. இறந்த டாக்டர்களின் விவரம் எப்படியும் தெரிந்துவிடும் என்பதால், பதில் போட்டவர்களையும் மொத்த டாக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் சில வருஷங்களில், பதில் போட்டவர்களிடையே சாவு குறைவாக இருந்தது. ஏனென்றால் அந்த அக்டோபரில் ஏற்கனவே படுக்கையில் விழுந்திருந்தவர்கள் கேள்வித்தாளைப் பூர்த்தி செய்யவில்லை. பதில் வராத உறை சும்மா வராமல் போவதில்லை. பெரும்பாலும் அதற்குள் ஒரு பதில் இருக்கிறது. இரவு ஷிப்டில் அடி வாங்கிய நர்சுக்குப் படிவம் நிரப்ப மனசிருக்காது. நிம்மதியாக இருப்பவர் நிரப்புவார். இரண்டையும் யோசிக்காமல் சதவீதம் போட்டால், ஆஸ்பத்திரி சொர்க்கமாகத்தான் தெரியும்.

எத்தனை பேர் பதில் போடுகிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1991-ல் மருத்துவ இதழ்களில் வெளியான தபால் சர்வேக்களை டேவிட் ஆஷ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் திரட்டி 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சராசரியாக 60 சதவீதம் பேர் பதில் போட்டிருந்தார்கள். டாக்டர்களை மட்டும் தனியாக எடுத்தால் 54, மற்றவர்கள் 68. அடுத்தவர்களின் கையெழுத்தை வாங்கியே பழகியவர்கள் தங்கள் கையெழுத்தைப் போட யோசிக்கிறார்கள் போலிருக்கிறது. 2013-ல் யங் இக் சோ, திமோதி ஜான்சன், ஜோனதன் வான்கீஸ்ட் ஆகியோர் மருத்துவத் துறையினரிடம் நடந்த சர்வேக்களை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 53 சதவீதம். அதிலும் கம்ப்யூட்டர் வழியாகப் போனதைவிடத் தபாலில் போனதற்குத்தான் பதில் அதிகம். கொடுத்த பரிசுகளும் நினைவூட்டல்களும் பலன் தந்தன. இளைய தலைமுறை வந்ததும் இது தலைகீழாகும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஆனால் திரையைப் பார்க்கத் தெரிவது வேறு, திரையில் வந்ததை நம்புவது வேறு.

தபாலிலும் பல ஜாதி உண்டு. பில் எட்வர்ட்ஸ், இயான் ராபர்ட்ஸ் முதலானோர் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட தொகுப்பு இந்த விஷயத்தில் ஒரு பொக்கிஷம். 292 பரிசோதனைகள், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். எல்லோரும் மருத்துவத் துறையினர் அல்ல. ஆனால் மனித சுபாவம் ஒன்றுதானே. உறைக்குள் கொஞ்சம் பணம் வைத்தால் பதில் வருவதற்கும் வராததற்குமான விகிதம் இரண்டு மடங்காயிற்று. பதில் போட்டால் தருகிறேன் என்பதைவிட, இந்தா பிடி என்று முதலிலேயே கொடுப்பது அதிகம் பலித்தது. கறுப்பு மையைவிடக் கலர் மைக்கு மவுசு. திருப்பி அனுப்பும் உறையில் இயந்திர முத்திரையைவிட ஒட்டிய தபால்தலைக்கு மதிப்பு. நீளமான படிவத்தைவிடக் குட்டைப் படிவம். முன்கூட்டியே ‘உங்களுக்கு ஒரு படிவம் வரும்’ என்று சொல்லி வைப்பது, வராதவர்களுக்கு மறுபடியும் ஒரு படிவம் வைத்து நினைவூட்டுவது, ஒரு கம்பெனியின் பெயருக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அனுப்புவது எல்லாமே உதவின. கூச்சம் தரும் கேள்விகள் இருந்தால் பதில் குறைந்தது. எல்லாவற்றையும் தூக்கியடித்தவற்றில் ஒன்று பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினால் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது.

இதை அண்ணியிடம் சொன்னபோது, “பின்ன? கையெழுத்துப் போட்டு வாங்கினா கோர்ட் நோட்டீஸ்னு நெனச்சு எல்லாரும் பிரிச்சுப் பார்ப்பாங்க” என்றார். நம் நாட்டில் பதிவுத் தபால் என்ற சேவையே 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு கலந்துவிட்டது. ஆனால் தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் இருக்கும் மரியாதை இன்னும் கலையவில்லை. எட்வர்ட்ஸ் தொகுப்பின் நீளமான பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பலித்த தந்திரங்களில் பாதி, ‘ஒரு மனுஷர் உனக்காகக் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறார்’ என்று உறையைப் பிரிக்கிறவருக்குச் சொல்லும் சமாசாரங்கள். தபால்தலையை யாரோ எச்சில் தொட்டு ஒட்டியிருக்கிறார். லிங்க்கை யாரும் ஒட்டுவதில்லை.

நம் நாட்டு உதாரணத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவு டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர் கொலையானார். நாடே கொதித்தது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை, இரவு ஷிப்டில் பாதுகாப்பு எப்படி என்று கூகுள் படிவத்தில் ஒரு சர்வே எடுத்தது. 3,885 டாக்டர்கள் பதில் தந்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் பாதுகாப்பில்லை என்றும், அதற்கு மேல் 11 சதவீதத்தினர் சுத்தமாகப் பாதுகாப்பில்லை என்றும் சொன்னார்கள். 45 சதவீதத்தினருக்கு இரவில் டியூட்டி அறையே இல்லை. கைப்பையில் மடக்குக் கத்தியும் மிளகு ஸ்பிரேயும் வைத்திருப்பதாக ஒரு டாக்டர் எழுதியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அந்தச் சர்வேயை நான் குறை சொல்ல வரவில்லை. சூடு ஆறுவதற்குள் கேட்டார்கள், அதற்கு லிங்க்கைவிட வேகமான வாகனம் கிடையாது. கேட்டதும் மேலதிகாரி அல்ல, சொந்தச் சங்கம். ஆகவே மனம் திறந்து எழுதினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதில் தந்தவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் 35 வயதுக்கு உட்பட்டவர்கள். இரவு டியூட்டி பார்ப்பது இளையவர்கள்தான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், லிங்க் எந்த வாட்ஸப் குரூப்களில் ஓடியதோ அங்கிருந்த வயதுதான் பதிலில் இருக்கும். நாட்டில் பதிவு பெற்ற அலோபதி டாக்டர்கள் 13 லட்சத்துக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் லிங்க்கைப் பார்த்தார்கள், பார்த்தும் எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்று கணக்கிட வழியே இல்லை. தபால் என்றால் எத்தனை உறை போனது என்று எண்ணலாம். கைமாறிக் கைமாறிப் போகும் லிங்க்குக்குப் பகுதி எண் கிடையாது. அப்புறம், அதே இரவில் அதே வார்டில் நின்ற நர்சும் ஆயாவும் அந்தக் குரூப்பில் இல்லை. அவர்களுடைய பயம் எத்தனை சதவீதம்?

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்த கதை உலகத்துக்குப் புதிதல்ல. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு கோடி பேருக்குத் தபால் அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் பிரமாதமாக ஜெயித்தார். பத்திரிகை கொஞ்ச காலத்தில் படுத்துவிட்டது.

மேலதிகாரியின் கையில் வரும் படிவத்துக்கு நூற்றுக்கு நூறு பதில் வருமே, அது போதாதா என்று கேட்கலாம். இதற்குப் பதிலைத் தங்கவயல்காரர்கள் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1940-களில் இங்கே சுரங்கத் தொழிலாளர்களிடம் சிலிகோசிஸ் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாறைத்தூள் படிந்து நுரையீரல் கல்லாகிப்போகும் நோய் அது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் இருந்தது. அந்தத் தலைமுறைக்காரர் என் தாத்தா. இருமல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாராம். இருக்கிறது என்றால் சுரங்கத்துக்குக் கீழே இறங்கும் வேலை போய்விடுமோ என்ற பயம். டாக்டர் அறைக்கு வெளியே நின்று இருமி முடித்துவிட்டு உள்ளே போவார் என்று பாட்டி சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எக்ஸ்ரே படம் பயப்படாததால்தான் அந்த ஆய்வில் உண்மை வந்தது. வாயால் கேட்டு மட்டும் எழுதியிருந்தால் தங்கவயலில் ஒருத்தருக்கும் இருமல் இல்லை என்று முடித்திருப்பார்கள்.

ஊசி குத்தியதா, திட்டு விழுந்ததா என்பதற்கு எக்ஸ்ரே இல்லை. வாயால்தான் கேட்க வேண்டும். அப்படியானால் கேட்கிற வாய்க்கும் சம்பளம் போடுகிற கைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2003 முதல் வருஷாவருஷம் தன் ஊழியர்களிடம் சர்வே எடுக்கிறது. ஆஸ்பத்திரி நிர்வாகம் நேரடியாகக் கேட்பதில்லை. வெளி நிறுவனம் ஒன்றின் மூலம்தான் கேள்வி போகிறது, பதிலும் அங்கேதான் போகிறது. யார் என்ன எழுதினார் என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. பெரும்பாலோருக்குக் கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டர் பக்கம் போகாத ஊழியர்களுக்குக் காகிதத்தில். இவ்வளவு செய்தும் 2024-ல் பதில் தந்தவர்கள் சுமார் 7.74 லட்சம் பேர், ஏறக்குறைய பாதி. நூற்றுக்கு நூறு இல்லை என்பதில் யாரும் வெட்கப்படவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரமும் அந்தப் பாதியில் அடக்கம்.

ரகசியத்தைக் காக்க இன்னும் விசித்திரமான வழிகளும் உண்டு. 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு யோசனை சொன்னார். பதில் சொல்கிறவர் தனியாக ஒரு சுழல் முள்ளைச் சுற்றுவார். முள் எந்த வாக்கியத்தில் நின்றதோ அதற்கு ஆமாம் அல்லது இல்லை என்பார். எந்த வாக்கியம் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. ஆகவே அந்த ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நூறு பேரின் பதிலைச் சேர்த்தால் கணிதத்தால் மொத்த அளவைக் கண்டுபிடித்துவிடலாம். அழகான யோசனை. எங்கள் லைனில் யாராவது முள்ளைச் சுற்றச் சொன்னால் லாட்டரிச் சீட்டு என்று நினைப்பார்கள்.

எங்கள் லைன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வருகிறது. இங்கேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. என் தமிழ்ப் படிவத்தை முதலில் அவரிடம்தான் நீட்டினேன். “கண்ணு, எனக்குப் படிக்க வராதே” என்றார். சரி, உங்கள் பெண் படிக்கட்டும் என்றேன். பெண் லேப் டெக்னீஷியன் வேலைக்குப் போகிறாள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். என் தமிழை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, இதை இங்கிலீஷ்லயே கொடுங்களேன்” என்றாள். தங்கவயலில் தமிழ் வாயில் செழிப்பாக இருக்கிறது. காகிதத்துக்கு வரும்போது இளைக்கிறது. பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து ‘தமிழ் பேசும் ஊழியர்களுக்குத் தமிழ்ப் படிவம்’ என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

அக்காவைப் போன்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படிவம் வந்தால் என்ன ஆகும்? இன்சார்ஜ் சிஸ்டர் படித்துச் சொல்வார், அக்கா பதில் சொல்வார், சிஸ்டர் டிக் அடிப்பார். ‘உங்கள் மேலதிகாரி உங்களை மரியாதையாக நடத்துகிறாரா’ என்ற கேள்வியை மேலதிகாரியே படித்துக் காட்டுவார். இதற்கு ஐந்து கட்டங்கள் எதற்கு, ஒன்று போதும்.

இவர்களைவிடப் பரிதாபம் ஆஷா பணியாளர்கள். ஊருக்கெல்லாம் சர்வே எடுப்பதே அவர்கள் வேலை. கர்ப்பிணிகள் எத்தனை, தடுப்பூசி போடாத குழந்தை எத்தனை, காய்ச்சல்காரர் எத்தனை என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்கிறார்கள். கதவைத் தட்டினால்தான் பதில் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் புள்ளியியல் நிபுணருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் கர்நாடக ஆஷா பணியாளர்கள் பெங்களூர் ஃப்ரீடம் பார்க்கில் உட்கார்ந்து போராடியபோது கேட்டது மாதச் சம்பளத்தை மட்டுமல்ல. செய்த வேலைக்கான தொகையைக் கம்ப்யூட்டர் போர்ட்டலோடு முடிச்சுப் போட்டதையும் எதிர்த்தார்கள். போர்ட்டலில் ஏறாத வேலைக்குப் பணம் ஏறவில்லை என்பது அவர்கள் புகார். கடும் குளிரில் உட்கார்ந்துதான் தங்கள் பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவையும் யோசித்துவிட்டு அண்ணியிடம் மறுபடி போனேன். நீங்கள் உண்மையாகப் பதில் எழுத வேண்டுமானால் படிவம் எப்படி வர வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், “ரயில்ல கொடுக்கச் சொல்லு” என்றார்.

போக ஒன்று, வர ஒன்று என்று தினமும் மணிக்கணக்காக ரயிலில்தான் இருக்கிறார்கள். டூட்டி சேலை இல்லை, சூப்ரண்ட் மேடம் இல்லை, நோயாளி கூப்பிட மாட்டார். பக்கத்தில் இருப்பவர் வேறு ஆஸ்பத்திரிக்காரர். ஒரு பெண் வந்து உட்கார்ந்து, இன்னார், இதற்காகக் கேட்கிறேன், எழுதிவிட்டு நீங்களே உறையை ஒட்டிக் கொடுங்கள் என்றால் பங்காரப்பேட்டை வருவதற்குள் எழுதிவிடுவோம் என்றார். படிக்க வராதவர்களுக்குக் காதோடு படித்துக் காட்டலாம். அந்தச் சத்தத்தில் எதிர் சீட்டுக்காரருக்குக்கூடக் கேட்காது.

எனக்கு இது எட்வர்ட்ஸ் தொகுப்பில் சேர்க்க வேண்டிய யோசனையாகத் தோன்றியது. படிவம் அனுப்பிய நிறுவனத்துக்கு நீளமாக எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று ஆரம்பித்தது. பிறகு விஷயம். ரயிலில் வருகிறவர்களிடம் கேட்டால் ரயிலில் வருகிறவர்களின் பதில்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலேயே தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்கள்தான் அதிகம் அவதிப்படுகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் இந்த ரயிலில் ஏறுவதே இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கணக்கும் கிடைக்காது.

அவர்கள் சொல்வது சரிதான். லிங்க்கில் நான் கண்ட அதே ஓட்டை ரயிலிலும் இருக்கிறது. ஆனால் லிங்க் மட்டும் என்ற பிடிவாதத்தை அவர்களும் விட்டார்கள். ஆஸ்பத்திரி ஊழியர் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணை அனுப்பி, ஒவ்வொருவர் பெயரும் எழுதிய உறையைக் கையில் கொடுப்பது. தபால்தலை ஒட்டிய திருப்பு உறை வைப்பது, அதில் ஆஸ்பத்திரியின் முகவரி இருக்கக் கூடாது. பத்து நாள் கழித்து அதே பெண் மறுபடி வந்து நினைவூட்டுவது. வேண்டியவர்களுக்குத் தனியாகப் படித்துக் காட்டுவது. லிங்க்கில்தான் எழுதுவேன் என்கிற இளவட்டங்களுக்கு உறைக்குள்ளேயே லிங்க்கும் இருக்கட்டும் என்று முடிவானது. தமிழோடு கன்னடமும் இங்கிலீஷும் ஒரே தாளில் வர வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். அதனால் படிவத்தில் இருந்த கேள்விகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. எனக்கு வர வேண்டிய பணமும் அந்த அளவில் குறையும். பரவாயில்லை.

படிவத்துக்கு முன்னால் வரும் கடிதத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், பதில் யார் கைக்குப் போகும், சந்தேகம் இருந்தால் எந்த நம்பரில் யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் முதல் ஐந்து வரியில் வந்துவிட வேண்டும். இரண்டு தடவை எழுதி அண்ணியிடம் காட்டினேன். ‘தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு’ என்று நான் எழுதாததைப் பாராட்டினார். பிறகு, அந்தப் பெண் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று கேட்டார்.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வந்தால் இரண்டு ஷிப்ட் ஆட்களையும் ஒரே சமயத்தில் பிடித்துவிடலாம் என்று அவர்கள் நினைப்பதாகச் சொன்னேன்.

“ஷிப்ட் முடியற நேரத்துல வந்தா எங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் நிக்க மாட்டாங்கன்னு எழுதிப் போடு” என்றார் அண்ணி. “ரயிலைப் பிடிக்கணும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொல்லு.”

எழுதிப் போட்டிருக்கிறேன்.